நைஜீரியாவின் 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து முறை உலகக் கோப்பை வென்ற அணி என்கிறார்கள். நைஜீரியா எப்போது உலகக் கோப்பை வென்றது?

பெரியவர்களின் உலகக் கோப்பையை அல்ல. அதில் ‘சூப்பர் ஈகிள்ஸ்’ என்ற நைஜீரியத் தேசிய அணி 16 அணிகள் மோதும் சுற்றைத் தாண்டியதே இல்லை. 1994, 1998, 2014 ஆகிய மூன்று முறையும் அங்கேதான் நின்றது. கோப்பைகளை அள்ளியது ‘கோல்டன் ஈக்லெட்ஸ்’ எனப்படும் 17 வயதுக்குட்பட்டோர் அணி. 1985, 1993, 2007, 2013, 2015 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அது உலக சாம்பியன். அடுத்த இடத்தில் இருக்கும் பிரேசிலுக்கு நான்குதான். இவை தவிர 1987, 2001, 2009 ஆண்டுகளில் இறுதிப்போட்டி வரை வந்து தோற்றது. ஆக எட்டு இறுதிப்போட்டிகள்.

இடையில் ‘ஃப்ளையிங் ஈகிள்ஸ்’ என்று 20 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றும் உண்டு. செய்திகளில் இந்த இரண்டு இளையோர் அணிகளையும் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள். அந்த அணியைப் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

இந்தப் போட்டி எப்போது தொடங்கியது?

1985இல், சீனாவில். அப்போது 16 வயதுக்குட்பட்டோருக்கானது. 1991இல் வயது வரம்பு 17 ஆனது. தொடக்கத்தில் 16 நாடுகள், 2007 முதல் 24 நாடுகள், 2025 முதல் 48 நாடுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவந்த போட்டி 2025 முதல் ஆண்டுதோறும் கத்தாரில் நடக்கிறது. 2021ஆம் ஆண்டுப் போட்டி கொரோனா காரணமாக ரத்தானது.

1985 வெற்றியை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

ஃபிஃபா நடத்திய எந்த உலகப் போட்டியிலும் அதுவரை ஆப்பிரிக்க நாடு ஒன்று கோப்பையைத் தொட்டதில்லை. 1985 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் மேற்கு ஜெர்மனியை 2-0 என்று வென்ற பையன்கள்தான் முதலாவது. எதிரணியில் அந்தப் போட்டித் தொடரிலேயே அதிகமாக, 8 கோல் அடித்த மார்செல் விட்டெசெக் இருந்தார். நைஜீரியாவின் பயிற்சியாளர் செபாஸ்டியன் பிராடரிக்ஸ்-இமாசுவென். கேப்டன் இன்டூகா உக்பாடே. முன்கள வீரர் ஜோனதன் அக்போபோரி பிறகு ஜெர்மனிக்கே போய் ரோஸ்டாக், ஸ்டுட்கார்ட், வுல்ஃப்ஸ்பர்க் கிளப்களுக்கு ஆடிப் பெயர் பெற்றார்.

அப்போது நைஜீரியாவில் ராணுவ ஆட்சி. ஆட்சித் தலைவர் முகமது புகாரி அந்த அணிக்குப் பரிசு அறிவித்தார். இறுதிப்போட்டி முடிந்து இரண்டு வாரம் கழிந்ததும், ஆகஸ்ட் 27 அன்று, இன்னொரு ராணுவப் புரட்சியில் அவரே பதவி இழந்தார். பரிசும் அதோடு போயிற்று. 30 ஆண்டுகள் கழித்து, 2015இல், அதே புகாரி தேர்தலில் வென்று அதிபராக வந்தார். 2016இல் அந்தப் பழைய வாக்கை நிறைவேற்றினார். பரிசு வாங்க வந்தவர்கள் நடுவயதைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். பரிசு அறிவிப்பதில் நம் அரசுகளும் வேகம்தான், ஆனால் கொடுப்பதற்கு 30 ஆண்டு எடுத்துக்கொண்ட கதை வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

உக்பாடேயின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அணியின் கதையில் அவர் பல இடங்களில் திரும்ப வருவார்.

நேரடியாகவே கேட்கிறேன். இந்தப் பையன்கள் உண்மையிலேயே 17 வயதுக்குட்பட்டவர்கள்தானா?

இந்த அணியைப் பற்றி எங்கே பேசினாலும் முதலில் வரும் கேள்வி இது. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

சந்தேகத்துக்கு அடிப்படை இருக்கிறது. 1988 ஒலிம்பிக்கில் ஆடிய மூன்று நைஜீரிய வீரர்களின் பிறந்த தேதிகள், அவர்கள் முன்பு இளையோர் போட்டிகளில் கொடுத்திருந்த தேதிகளோடு ஒத்துப்போகவில்லை. ஃபிஃபா நைஜீரியாவை எல்லா இளையோர் போட்டிகளிலிருந்தும் இரண்டு ஆண்டுகள் விலக்கிவைத்தது. 20 வயதுக்குட்பட்டோருக்கான 1991 உலக இளையோர் சாம்பியன்ஷிப்பை நடத்தும் வாய்ப்பும் பறிபோய்ப் போர்ச்சுகலுக்குக் கிடைத்தது. அந்தப் போட்டியை லூயிஸ் ஃபிகோ, ரூய் கோஸ்டா ஆடிய போர்ச்சுகலே வென்றது என்பது நைஜீரியர்களுக்குக் கூடுதல் எரிச்சல்.

பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் ஊருக்கு ஊர் மாறும் நாட்டில் ஒரு பையனின் சரியான வயதைக் காகிதத்தை வைத்து நிரூபிப்பது கடினம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியே பிறந்த தேதியாக நிலைத்துவிட்ட தாத்தாக்கள் நம் வீடுகளிலும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் பதிவேட்டின் தலையில் கட்டிவிட முடியாது. வெள்ளைக்காரக் கிளப்பின் கண்ணில் பட ஒரு பையனுக்குக் கிடைக்கும் ஒரே ஜன்னல் இந்தப் போட்டிதான். அந்த ஜன்னலுக்காக இரண்டு மூன்று வயதைக் குறைக்கத் தூண்டும் பயிற்சியாளர்களும் தரகர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். இது நைஜீரியாவுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. ஆசியாவிலும் இதே காரணத்துக்காகத் தண்டிக்கப்பட்ட அணிகள் உண்டு.

2009இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஃபிஃபா மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேனைக் கொண்டுவந்தது. போட்டியை நடத்தியதே நைஜீரியா. போட்டிக்கு முன்பு நைஜீரியக் கால்பந்துச் சங்கம் தானே பையன்களை ஸ்கேன் செய்து, தேறாத பலரைக் கழித்துவிட்டு, கிட்டத்தட்டப் புதிய அணியோடு களம் இறங்கியது.

என் கணக்கு இதுதான். ஸ்கேன் வருவதற்கு முந்தைய மூன்று கோப்பைகளைப் பற்றி ஒருவர் சந்தேகப்பட்டால் அவரோடு சண்டை போட மாட்டேன். ஆனால் 2013, 2015 கோப்பைகள் ஸ்கேன் வந்த பிறகு வந்தவை. அந்த இரண்டு அணிகளும்தான் நைஜீரியா அனுப்பியவற்றிலேயே மிகச் சிறந்தவை என்பதும் என் கருத்து. வயதைத் திருடியதால் மட்டுமே வென்றார்கள் என்றால், திருட முடியாத காலத்தில் இன்னும் பெரிதாக வென்றது எப்படி?

அந்த மணிக்கட்டு ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது?

முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் எலும்பின் கீழ்முனையில், வளரும் வயதில் ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கும். எலும்பு நீள்வது அதன் வழியாகத்தான். வளர்ச்சி முடியும்போது அந்தத் தட்டு மெல்ல எலும்பாகி மூடிக்கொள்ளும். எம்.ஆர்.ஐ. படத்தில் அது எவ்வளவு மூடியிருக்கிறது என்று ஆறு படிகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஆறாவது படி என்றால் முழுக்க மூடிவிட்டது, பையன் 17ஐத் தாண்டியிருப்பது ஏறத்தாழ உறுதி. எக்ஸ்-ரே போலக் கதிர்வீச்சு இல்லை என்பதால் சிறுவர்களுக்கு எடுப்பதில் தயக்கமும் இல்லை.

இதற்கு எல்லை உண்டு. இது பிறந்த தேதியைச் சொல்லாது. சீக்கிரம் வளரும் உண்மையான பதினாறு வயதுப் பையன் ஒருவன் அபூர்வமாகச் சிக்கிக்கொள்ளலாம், மெதுவாக வளரும் பதினெட்டு வயதுக்காரன் தப்பிவிடலாம். பெண்களுக்கு அந்தத் தட்டு இன்னும் முன்பே மூடிவிடுவதால் இதே அளவுகோல் பொருந்தாது. 20 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கும் பயன்படாது.

1987இல் என்ன நடந்தது?

கனடாவில் நடந்தது. டொராண்டோ இறுதிப்போட்டியில் சோவியத் ஒன்றியத்தோடு 1-1 சமன், பெனால்டியில் தோல்வி. தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து நைஜீரியாவின் ஃபிலிப் ஓசோண்டுவுக்கு. பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் அவரை வாங்கியது. பெரிய வீரராக அவர் வளரவில்லை. தங்கப் பந்து வாங்கிய நைஜீரியப் பையன்களின் பட்டியலில் இது முதல் ஏமாற்றம். 1989இல் ஸ்காட்லாந்தில் சவூதி அரேபியாவிடம் காலிறுதியில் பெனால்டியில் தோற்றார்கள், அந்த சவூதி அணியே பிறகு சாம்பியன் ஆனது. 1991இல் தடை. நைஜீரியா இல்லாத அந்த ஆண்டு கோப்பையைக் கொண்டுபோனது பக்கத்து வீட்டுப் போட்டியாளர் கானா.

1993 அணியில் யார் யார் இருந்தார்கள்?

நுவான்கோ கானு, செலஸ்டின் பாபயாரோ, வில்சன் ஒருமா. இந்த மூன்று பெயர்களே போதும். போட்டி ஜப்பானில். பயிற்சியாளர் ஃபானி அமுன். கனடாவை 8-0 என்று நொறுக்கினார்கள். காலிறுதியில் போட்டியை நடத்திய ஜப்பானை 2-1 என்று வென்றார்கள். இறுதிப்போட்டியில் எதிரே நின்றது நடப்பு சாம்பியன் கானா. டோக்கியோவில் இரண்டு ஆப்பிரிக்க அணிகள் உலகக் கோப்பைக்காக மோதின. நைஜீரியா 2-1. ஒருமா 6 கோல் அடித்து அதிக கோல் அடித்தவர் ஆனார்.

இந்தத் தொடருக்கு இன்னொரு வினோதமும் உண்டு. பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால் கையால் எறிவதற்குப் பதிலாகக் காலால் உதைத்து ஆட்டத்தைத் தொடரும் விதியை ஃபிஃபா இங்கே சோதித்துப் பார்த்தது. நல்ல வேளையாக அது நிலைக்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நைஜீரியா தங்கம் வென்றபோது, அரையிறுதியில் 3-1 என்று பின்தங்கி நின்று பிரேசிலை 4-3 என்று சாய்த்த தங்கக் கோலை (கூடுதல் நேரத்தில் விழுந்ததும் ஆட்டத்தை முடித்துவிடும் கோல்) அடித்தவர் கானு. அந்த அணியில் பாபயாரோவும் ஒருமாவும் இருந்தார்கள். சிறுவர் அணியிலிருந்து பெரியவர் மேடைவரை பாதை தடையில்லாமல் ஓடிய ஒரே தலைமுறை இதுதான். மற்றத் தலைமுறைகளை நினைக்கும்போதெல்லாம் இந்த மூவரையும் வைத்துத்தான் அளக்கிறார்கள். அது கொஞ்சம் அநியாயமான அளவுகோல்.

2001இல் இறுதிப்போட்டி வரை வந்த அணியில் கண்பார்வை இழந்த வீரர் இருந்தாராமே?

ஃபெமி ஒபாபுன்மி. டிரினிடாட் டொபாகோவில் நடந்த அந்தத் தொடரின் இறுதிப்போட்டியில் நைஜீரியா பிரான்ஸிடம் 0-3 என்று தோற்றது. ஆனால் ஒபாபுன்மியின் வேகம் எல்லோர் கண்ணிலும் பட்டது. அடுத்த ஆண்டே, 17 வயதில், 2002 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராகக் களம் இறங்கினார். உலகக் கோப்பை வரலாற்றில் அவரைவிட இளையவர்களாக ஆடியவர்கள் அதுவரை இரண்டே பேர். நாலு ஆண்டுகளுக்குள் கண் அழுத்த நோய் அவருடைய ஆட்டத்தை முடித்துவைத்தது. ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. இருபத்தோரு வயதில் ஓய்வு.

மிக்கேல் என்ற பெயர் வந்த கதை உண்மையா?

உண்மை. 2003இல் பின்லாந்தில் நடந்த போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது ‘மைக்கேல்’ என்பதைத் தவறாக ‘மிக்கேல்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பையனுக்கு அது பிடித்துப்போய் வைத்துக்கொண்டார். பிறகு செல்சியில் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆடிய ஜான் ஓபி மிக்கேல் அவர்தான். அந்த ஆண்டு அணி முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. 2005 போட்டிக்கு நைஜீரியா தகுதியே பெறவில்லை.

2007 வெற்றியின் பின்னால் இருந்த பயிற்சியாளர் யார்?

யெமி டெல்லா. நுரையீரல் புற்றுநோயோடு தென்கொரியாவுக்குப் போனவர். பிரான்ஸ், ஜப்பான், ஹைட்டி இருந்த பிரிவில் மூன்று ஆட்டங்களையும் வென்று, கொலம்பியா, அர்ஜென்டினா, ஜெர்மனி என்று வரிசையாகத் தாண்டி, சியோலில் ஸ்பெயினை எதிர்கொண்டார்கள். ஸ்பெயினின் போஜன் அரையிறுதியில் சிவப்பு அட்டை வாங்கியதால் ஆடவில்லை. கோல் முன்னால் டேவிட் டி கெயா. 120 நிமிடங்களில் கோல் இல்லை. பெனால்டியில் ஸ்பெயின் அடித்த மூன்றும் வீண், நைஜீரியாவின் மூன்றும் வலைக்குள். கோப்பையோடு திரும்பிய அடுத்த மாதம், அக்டோபரில், டெல்லா இறந்தார்.

அந்தத் தொடரில் அதிகமாக 7 கோல் அடித்தவர் நைஜீரியாவின் மெக்காலி கிறிசாண்டஸ். தங்கப் பந்து ஜெர்மனியின் டோனி குரூஸுக்கு. குரூஸ் ஏழு ஆண்டு கழித்து உலகக் கோப்பையும், பிறகு ரியல் மாட்ரிட்டில் வரிசையாகச் சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளும் வென்றார். கிறிசாண்டஸை ஹாம்பர்க் வாங்கியது. கடன் அடிப்படையில் கிளப் மாறி மாறி ஆடிப் பெரிய மேடையை எட்டாமலே போனார். 2007 ஆகஸ்டில் இருவரையும் பார்த்த யாரும் இப்படி முடியும் என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

சொந்த மண்ணில் 2009இல் ஏன் தோற்றார்கள்?

மோசமாகத் தோற்கவில்லை. அபுஜாவில் முதல் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 0-3 என்று பின்தங்கி 3-3 என்று மீண்டது அந்த அணி. ஜெர்மனி அணியில் மரியோ கோட்சே, டெர் ஸ்டெகன் இருந்தார்கள். காலிறுதியில் சோன் ஹியூங்-மின் ஆடிய தென்கொரியாவையும், அரையிறுதியில் ஸ்பெயினையும் 3-1 என்றே வென்றார்கள். இறுதிப்போட்டியில் சுவிட்சர்லாந்து. முதன்முறையாகத் தகுதி பெற்று வந்த அணி. கிரானிட் ஜாக்காவும் ரிக்கார்டோ ரொட்ரிகஸும் இருந்த அந்த அணிக்காக ஹாரிஸ் செஃபெரோவிச் தலையால் முட்டிய ஒற்றைக் கோல் போதுமானதாக இருந்தது. நைஜீரியா வந்த வேகத்தில் அடித்த பந்துகளையெல்லாம் சுவிஸ் கோல்கீப்பர் பெஞ்சமின் சீக்ரிஸ்ட் தடுத்தார்.

தங்கப் பந்து சானி இமானுவேலுக்கு. இத்தாலியின் லாட்சியோ அவரை ஒப்பந்தம் செய்தது. அதன் பிறகு சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. ஓசோண்டு, கிறிசாண்டஸ், இமானுவேல். ஒரு கோடு தெரிகிறது, அல்லவா?

எந்த அணி மிகச் சிறந்தது: 2013ஆ, 2015ஆ?

நான் 2013க்கு ஓட்டுப் போடுவேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் மனு கர்பாவின் அணி ஏழு ஆட்டங்களில் 26 கோல் அடித்தது. முதல் ஆட்டமே நடப்பு சாம்பியன் மெக்சிகோவோடு, 6-1. அதில் நாலு கோல் கெலெச்சி இஹியானாச்சோவுடையது. சுவீடனோடு 3-3, ஈராக்கை 5-0, ஈரானை 4-1, உருகுவேயை 2-0, அரையிறுதியில் மறுபடி சுவீடனை 3-0. அபுதாபி இறுதிப்போட்டியில் மறுபடி மெக்சிகோ. மறுபடி அடி, 3-0. மூன்றாவது கோல் கேப்டன் மூசா முகமது தூரத்திலிருந்து அடித்த ஃப்ரீ கிக். தங்கப் பந்து இஹியானாச்சோவுக்கு, சிறந்த கோல்கீப்பர் விருது டெலே அலாம்பாசுவுக்கு. டாய்வோ அவோனியியும் அந்த அணிதான்.

அந்தக் கோல்களை எண்ணிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. ஆப்பிரிக்க அணி என்றால் உடல் வலு, ஓட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப்போன அணி அது. காலுக்குக் கால் குட்டிப் பாஸ்களால் எதிரணியைப் பிரித்து எடுத்தார்கள். பயிற்சியாளர் குழுவில் உதவியாளர்களாக இமானுவேல் அமுனிகேயும், 1985இன் கேப்டன் உக்பாடேயும் இருந்தார்கள்.

2015இல் சிலியில் அமுனிகே தலைமைப் பயிற்சியாளர். 1994 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் நைஜீரியாவின் இரண்டு கோல்களையும், 1996 ஒலிம்பிக் இறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக வெற்றிக் கோலையும் அடித்த அதே அமுனிகே. அந்த அணி கட்டுக்கோப்பில் 2013க்கு ஒரு படி கீழே. குரோஷியாவிடம் ஓர் ஆட்டம் தோற்றது. ஆனால் அதனிடம் விக்டர் ஓசிம்ஹென் இருந்தார். ஏழு ஆட்டங்களிலும் கோல், மொத்தம் 10. ஒரே தொடரில் அதுவரை யாரும் அவ்வளவு அடித்ததில்லை. ஆஸ்திரேலியாவை 6-0, பிரேசிலை 3-0, மெக்சிகோவை 4-2, வின்யா டெல் மாரில் நடந்த இறுதியில் மாலியை 2-0. தங்கப் பந்து கேப்டன் கெலெச்சி நுவாக்காலிக்கு.

ஓசிம்ஹென் குப்பைமேட்டுப் பக்கம் வளர்ந்தவர் என்பது நிஜமா?

லாகோஸில் ஒலுசோசுன் என்ற பகுதி. நகரத்தின் பெரிய குப்பைக்கிடங்கு அங்கேதான். போக்குவரத்து நெரிசலில் நிற்கும் வண்டிகளுக்கு இடையே ஓடித் தண்ணீர்ப் பொட்டலம் விற்றதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 2015 உலகக் கோப்பைக்குப் பிறகு வுல்ஃப்ஸ்பர்க் வாங்கியது, அங்கே எடுபடவில்லை. பெல்ஜியத்தில் சார்லராய், பிரான்ஸில் லில் என்று சுற்றி வந்து, 2022-23இல் நாப்போலிக்கு 33 ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலிய லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் 26 கோல். 2023இல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர். சிறுவர் உலகக் கோப்பையில் ஜொலித்து, பெரியவர் மேடையிலும் அதே அளவுக்கு நின்றவர் கானுவுக்குப் பிறகு இவர்தான்.

அப்படியானால் மற்றவர்கள் ஏன் காணாமல் போகிறார்கள்? வயது மோசடிதான் காரணமா?

சிலர் விஷயத்தில் இருக்கலாம். ஆனால் அதையே ஒட்டுமொத்த விளக்கமாக்குவது சோம்பேறித்தனம். வயது சந்தேகமே இல்லாத ஐரோப்பிய அணிகளிலும் இந்தப் போட்டியில் ஆடியவர்களில் கொஞ்சம் பேர்தான் முதல்நிலை வீரர்கள் ஆகிறார்கள்.

நைஜீரியாவில் கூடுதலாக வேறு ஒன்று நடக்கிறது. ஜெர்மனியின் பையன் போட்டி முடிந்ததும் தன் கிளப்புக்குத் திரும்புகிறான். அதே பயிற்சியாளர், அதே சாப்பாடு, அதே ஊர், மறுநாள் பயிற்சி. நைஜீரியப் பையன்களில் பெரும்பாலோருக்குத் திரும்பிப் போக அப்படி ஒரு கிளப் இல்லை. பள்ளி அணியிலிருந்தோ சின்ன அகாடமியிலிருந்தோ வந்தவன். உள்ளூர் லீக் பலவீனமானது. ஆகவே 17, 18 வயதில் தரகரின் கையைப் பிடித்துக்கொண்டு மொழி தெரியாத குளிர்நாட்டுக்குப் போகிறான். அங்கே இரண்டாம் அணியில் ஒரு ஆண்டு, கடனாக இன்னொரு ஊரில் ஒரு ஆண்டு. 21 வயதில் கணக்கு முடிந்துவிடுகிறது.

வினோதம் என்னவென்றால், அவர்கள் உலகக் கோப்பை வெல்லவும் இதே நிலைமை உதவியிருக்கிறது. ஐரோப்பிய அணிகள் போட்டிக்குச் சில நாட்கள் முன்புதான் பையன்களைக் கிளப்களிடமிருந்து கெஞ்சி வாங்கிச் சேர்க்கின்றன. நைஜீரியாவில் திறந்த தேர்வு வைத்து, கூட்டம் கூட்டமாக வரும் பையன்களிலிருந்து வடிகட்டி, முகாமில் மாதக்கணக்கில் ஒன்றாகத் தங்கவைத்துத் தயார் செய்ய முடிந்தது. சிறுவர் கால்பந்தில் ஒன்றாகப் பழகிய அணிக்கு இருக்கும் பலம் சாதாரணமானது அல்ல. அந்த முகாம் கலைந்ததும் அந்தப் பையனுக்கென்று எதுவும் மிச்சமிருப்பதில்லை.

உலகத்தில் ஐந்து பட்டம், ஆப்பிரிக்காவில் எத்தனை?

இரண்டுதான்: 2001, 2007. ஆப்பிரிக்க 17 வயதுக்குட்பட்டோர் கோப்பை 1995இல்தான் தொடங்கியது என்பது ஒரு சமாதானம். ஆனால் 2013இல் ஐவரி கோஸ்ட்டிடம் ஆப்பிரிக்க இறுதிப்போட்டியில் பெனால்டியில் தோற்றவர்கள்தான் அதே ஆண்டு உலகக் கோப்பையில் 26 கோல் அடித்தார்கள். 2015இல் ஆப்பிரிக்காவில் நாலாம் இடம், உலகத்தில் முதலிடம். அந்த ஆண்டு ஆப்பிரிக்க சாம்பியனான மாலியைத்தான் சிலியில் வென்றார்கள். மேற்கு ஆப்பிரிக்க அணிகள் ஒன்றையொன்று நன்றாக அறிந்தவை. உள்ளூரில் வெல்வதுதான் கஷ்டம்.

2017இல் இந்தியாவில் நடந்தபோது நடப்பு சாம்பியன் ஏன் வரவில்லை?

தகுதிச் சுற்றில் வடக்கே இருக்கும் அண்டை நாடான நைஜரிடம் தோற்றதால். கொச்சி, கொல்கத்தா, கோவா ரசிகர்கள் நைஜருக்கும் நைஜீரியாவுக்கும் வேறுபாடு தெரியாமல் குழம்பியதில் ஆச்சரியமில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கானா, மாலி, கினி, நைஜர் வந்தன. கோப்பை கொல்கத்தாவில் ஸ்பெயினை 5-2 என்று வென்ற இங்கிலாந்துக்கு. போட்டியை நடத்திய இந்தியா மூன்று ஆட்டங்களும் தோற்றாலும், கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிய கோல் ஃபிஃபா உலகப் போட்டியில் இந்தியாவின் முதல் கோலாகப் பதிவானது.

இப்போது அணி எப்படி இருக்கிறது?

சுமார் கூட இல்லை. 2019இல் பிரேசிலுக்குப் போய் 16 அணிகள் சுற்றில் நெதர்லாந்திடம் 1-3 என்று தோற்றது. 2023 உலகக் கோப்பைக்குத் தகுதி இல்லை. அல்ஜீரியாவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையின் காலிறுதியில் புர்கினா ஃபாசோ வெளியேற்றியது. அப்போது தலைமைப் பயிற்சியாளர் நம் பழைய உக்பாடே. கேப்டனாகக் கோப்பை தூக்கினார், உதவியாளராக வென்றார், தலைமைப் பயிற்சியாளராக மட்டும் அமையவில்லை.

2025 கதை இன்னும் வலிக்கும். 48 அணிகள், ஆப்பிரிக்காவுக்குப் பத்து இடங்கள். ஐந்து முறை சாம்பியனுக்கு அதில் ஓர் இடம் இல்லை. காரணம் தகுதிச் சுற்றின் அமைப்பு. ஆப்பிரிக்கா மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நைஜீரியா இருக்கும் மண்டலத்தில் கானா, ஐவரி கோஸ்ட், புர்கினா ஃபாசோ, பெனின், டோகோ, நைஜர். 2024இல் கானாவில் நடந்த அந்த மண்டலப் போட்டியின் அரையிறுதியில் ஐவரி கோஸ்ட்டிடம் தோற்றதோடு ஆப்பிரிக்கக் கோப்பைக்கான வழியே அடைபட்டது. பயிற்சியாளர் 2013இன் மனு கர்பா. ஆளை மாற்றினால் சரியாகிவிடும் என்ற வாதம் இங்கே எடுபடாது.

ஸ்கேன் பிடியை இறுக்கியதால்தான் சரிவு என்று சிலர் சொல்கிறார்கள். 2022இல் மண்டலப் போட்டிக்கு முன் பலர் ஸ்கேனில் தேறாமல் போனது உண்மைதான். கடைசி நேரத்தில் அணியைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் பக்கத்து நாடுகளும் அதே ஸ்கேனில்தான் நிற்கின்றன. அவர்கள் அகாடமி கட்டிக்கொண்டார்கள். நைஜீரியா இன்னும் போட்டி நெருங்கும்போது பையன்களைத் தேடிக்கொண்டிருக்கிறது.

20 வயதுக்குட்பட்டோர் அணி?

உலகப் பட்டம் இல்லை. 1985இல் மூன்றாம் இடம். 1989, 2005 இரண்டிலும் இரண்டாம் இடம். 2005 இறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2. அர்ஜென்டினாவின் இரண்டு கோல்களும் பெனால்டி, இரண்டையும் அடித்தவர் மெஸ்ஸி. ஆனால் ‘தம்மாம் அற்புதம்’ இந்த அணிக்கே உரியது. 1989, சவூதி அரேபியாவின் தம்மாம் நகரம், காலிறுதி. சோவியத் ஒன்றியம் 4-0 என்று முன்னிலை. கடைசி அரை மணி நேரத்தில் நைஜீரியா நாலு கோலையும் திருப்பி அடித்துப் பெனால்டியில் வென்றது. நாலாவது கோல் உக்பாடேயுடையது.

பெண்கள் அணி உண்டா?

உண்டு, ‘ஃப்ளமிங்கோஸ்’ என்று பெயர். 2022 அக்டோபரில் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் அமெரிக்காவைக் காலிறுதியில் பெனால்டியில் வென்றார்கள், கொலம்பியாவிடம் அரையிறுதியில் பெனால்டியில் தோற்றார்கள், ஜெர்மனியை மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பெனால்டியில் வென்றார்கள். 2017இல் பையன்கள் வராத நாட்டிலிருந்து பெண்கள் வெண்கலம் கொண்டுபோனார்கள்.

ஒரே ஓர் ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

2015 அரையிறுதி, மெக்சிகோவுக்கு எதிரானது. முதலில் மெக்சிகோவின் கெவின் மகான்யா தன் பாதியிலிருந்தே பந்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டிப் போய் ஒரு கோல் அடிப்பார். அந்த வயதில் அப்படியும் ஆட முடியுமா என்று தோன்றும். அதற்கு நைஜீரியா என்ன பதில் சொல்கிறது என்பதைப் பார்க்க மீதி ஆட்டம் இருக்கிறது. நுவாக்காலியின் ஃப்ரீ கிக்கைத் தவறவிடாதீர்கள்.